பதிவேட்டில் தம்பி, வகுப்பில் அண்ணன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆண்டுதோறும் ஆடி, ஆவணி மாதங்களில் பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்ட விளையாட்டுப் போட்டிகள் நடந்து முடிந்ததும், வெற்றி பெற்ற அணிகளின் படங்கள் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வெளியாகின்றன. நடுவில் தலைமை ஆசிரியர், பக்கத்தில் கழுத்தில் விசில் தொங்க உடற்கல்வி ஆசிரியர், சுற்றிலும் கோப்பையைப் பிடித்தபடி பிள்ளைகள். அப்படி ஒரு படத்தைச் சென்ற ஆண்டு எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் நாலைந்து பேர் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். 14 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு என்று படத்தின் கீழே அச்சாகியிருந்தது. பின்வரிசையில் நின்ற ஒரு பையனுக்கு இருந்தது அரும்பு மீசை அல்ல. கத்தரித்து ஒழுங்குபடுத்திய மீசை. "பதினாலு வயசுல நமக்கெல்லாம் மேலுதடு வெறிச்சோடிக் கிடந்துச்சு" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மீசையை வைத்து ஒருவனின் வயதைச் சொல்லிவிட முடியாது என்பதை அறிவேன். சில பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பையன் தன் சரியான வயதில்தான் ஆடியிருக்கவும் கூடும். என்னை உறுத்தியது அவனுடைய மீசை அல்ல, எங்களுடைய சிரிப்பு. காய்கறிக் கடையில் தராசு ஐம்பது கிராம் தள்ளி நின்றால் சண்டைக்குப் போகிற மனிதர்கள், ஒரு சிறுவன் வயதைக் குறைத்து ஆடுகிறான் என்று தாங்களாகவே முடிவு கட்டிய பிறகு, கோபப்படாமல் சிரித்தார்கள். நாற்பது ஆண்டுகளாக இந்தச் சிரிப்பைக் கேட்டு வருகிறேன் என்பதாலும், அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதாலும் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்கள் வட்டாரத்தில் இந்தக் காரியத்துக்கு மோசடி என்ற பெயர் கிடையாது. "பையனுக்கு ரெண்டு வயசு கொறச்சுப் போட்டிருக்கு" என்பார்கள். யார் குறைத்தார், யார் போட்டார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. மழை பெய்திருக்கிறது, வெயில் அடிக்கிறது என்பதைப் போல, வயது தானாகவே குறைந்து போடப்பட்டிருக்கிறது. கொஞ்சம் படித்தவர்கள் 'அட்ஜஸ்ட்மென்ட்' என்பார்கள். பெற்றோருக்கு அது பிள்ளையின் எதிர்காலத்துக்குச் செய்கிற உதவி. பயிற்சியாளருக்குத் தொழில் நுணுக்கம். தலைமை ஆசிரியருக்குப் பள்ளியின் பெயர். பொய் என்ற சொல்லை இவர்களில் ஒருவரும் பயன்படுத்திக் கேட்டதில்லை.

1998 ஜூன் மாதத்தில் ஒரு பையனை அவனுடைய அப்பா ஆறாம் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்தார். ஐந்தாம் வகுப்பு முடித்த பிறகு இரண்டு ஆண்டுகள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவன். தொடக்கப் பள்ளியின் பதிவுத்தாளின்படி வயது 13. மைதானத்தின் ஓரமாக அவன் நடந்து வந்த நடையைப் பார்த்தபோதே ஓட்டக்காரன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பழைய தேதியே ஒரு வாத்தியார் உத்தேசமாகப் போட்டதுதானே, சரியான தேதி இதுதான் என்று ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுங்கள் என்று அவன் அப்பாவுக்கு யோசனை சொன்னவன் நான். அவர் கைநாட்டு வைத்தார். சேர்க்கைப் பதிவேட்டில் பையனுக்கு வயது 11 ஆயிற்று. ஒரு ஏழைக் குடும்பத்துக்கு நல்லது செய்துவிட்டோம் என்ற நிறைவோடு அன்று வீட்டுக்குப் போனேன். அதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டாண்டு கழித்து, 2000-இல், ஜூனியர் பிரிவு நான்கு பேர் தொடர் ஓட்டத்துக்கு அணி எடுத்தேன். ஜூனியர் என்றால் 14 வயதுக்கு உட்பட்டவர்கள். சீனியர் 17, சூப்பர் சீனியர் 19 என்பது எங்கள் கணக்கு. பதிவேட்டின்படி அவனுக்கு 13 வயது, உண்மையில் 15. தேர்வு ஓட்டத்தில் முதலாவதாக வந்தான். இரண்டாவது வந்தவனுக்கும் அவனுக்கும் இடையே ஒரு மாட்டு வண்டி போகலாம். ஐந்தாவதாக வந்தவன் உண்மையிலேயே 13 வயதுப் பிள்ளை. தொடர் ஓட்டத்துக்கு நான்கு பேர்தான் வேண்டும் என்பதால் அவனை மாற்று ஆளாக அழைத்துப் போனேன். அன்று முழுவதும் மற்ற நால்வரின் பைகளையும் தண்ணீர்க் குடத்தையும் அவன் பார்த்துக்கொண்டான். நாங்கள் குறுவட்டத்தில் முதலிடம் பெற்றோம். ஊருக்குத் திரும்பும் பேருந்தில் பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். ஐந்தாவது பையனும் அவர்களுடன் சேர்ந்து பாடினான்.

அந்தப் பேருந்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். முன்பும் நூறு முறை காதில் விழுந்திருக்க வேண்டும், அன்றுதான் உறைத்தது. ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளைகள் அவனை 'அண்ணே' என்று அழைத்தார்கள். வகுப்பில் நாற்பது பேரும் ஒருவரையொருவர் வாடா போடா என்று பேசிக்கொள்கிறார்கள். அவன் ஒருவன் மட்டும் அண்ணன். பதிவேட்டை நான் திருத்தலாம், தலைமை ஆசிரியர் படிக்காமலே கையெழுத்துப் போடலாம், ஒன்றியம் முத்திரை வைக்கலாம். யாரை அண்ணன் என்று அழைக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அதாவது, நாங்கள் செய்தது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. அவர்களிடம் நான் ஒருபோதும் பொய் சொல்லச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பது ஒரு வழக்கம் என்பதை அவர்கள் என்னைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள்.

இதில் வெட்கக்கேடான செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். மழை நாட்களில் மைதானத்துக்குப் போக முடியாதபோது, வகுப்பறையில் நான் பிள்ளைகளுக்கு விளையாட்டு வீரர்களின் கதைகளைச் சொல்வதுண்டு. எனக்கு மிகவும் பிடித்தது, 1980 பம்பாய் பொன்விழா டெஸ்ட் போட்டியில் இந்திய அணித் தலைவர் குண்டப்பா விஸ்வநாத், நடுவர் அவுட் கொடுத்துவிட்ட பிறகும், பந்து மட்டையில் படவில்லை என்று கருதி இங்கிலாந்தின் பாப் டெய்லரைத் திரும்ப அழைத்த கதை. டெய்லர் போத்தமுடன் சேர்ந்து நின்று ஆடினார், அந்தப் போட்டியில் இந்தியா தோற்றது. தோற்ற ஆட்டம் ஒன்றை இருபது ஆண்டு கழித்தும் பெருமையாகச் சொல்கிறோம் என்றால் ஏன் என்று யோசியுங்கள் என்பேன். பதிவேட்டைத் திருத்திய அதே பள்ளியில், அதே பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். என்னைப் போலவே பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

மாவட்டப் போட்டியில் நடந்தது இன்னும் தெளிவானது. மதியம் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வேறொரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் இரண்டு அணிகளும் இறுதி ஓட்டத்துக்குத் தகுதி பெற்றிருந்தன. என் பையனைப் பற்றி முறையீடு செய்யப் போகிறார் என்று எனக்குள் ஒரு நடுக்கம். முறையீடு செய்வதென்றால் அதற்கு ஒரு கட்டணம் கட்ட வேண்டும். குற்றச்சாட்டு நிரூபணமானால் திரும்பக் கிடைக்கும், இல்லாவிட்டால் போய்விடும். அவர் பொட்டலத்திலிருந்து ஒரு கை சாதத்தை எடுத்துக்கொண்டு சொன்னார்: "சார், உங்க பையன் வயசு எனக்குத் தெரியும். எங்க பையன் வயசு உங்களுக்குத் தெரியும்." அவ்வளவுதான். அதன் பிறகு ஊறுகாயைப் பற்றிப் பேசினோம். அன்று எங்களுக்கு மூன்றாம் இடம், அவர்களுக்கு இரண்டாம் இடம். எனக்கு வந்த நிம்மதியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

வயது மோசடியை வெளியில் இருந்து பார்ப்பவர்கள், ஒருவன் ஏமாற்றுகிறான், மற்றவர்கள் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். மைதானத்தில் நடப்பது அப்படியன்று. எல்லோரிடமும் ஒரு பையன் இருக்கிறான்; அதனால் எவரும் கை உயர்த்துவதில்லை. ஒருவர் நேர்மையாக ஆடினால் அவர் அணி தோற்கும், தோற்றால் அவரைத் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு விளக்கம் கேட்பார். என் பணிக்காலத்தில் எத்தனை கோப்பைகள் என்று கேட்டார்கள். எத்தனை பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தார்கள் என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

பிறந்த தேதியின் மீது நம் சமூகத்துக்கு இருந்த அலட்சியத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். என் தலைமுறையில் பலரைப் பள்ளியில் சேர்த்தபோது பிறப்புச் சான்றிதழ் கேட்கப்படவில்லை. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டவனுக்கு ஐந்து வயது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்குத் தோதாக மே மாதத்திலோ ஜூன் முதல் வாரத்திலோ ஒரு தேதியை ஆசிரியரே போட்டார். இன்று அறுபது வயதைக் கடந்தவர்களின் சான்றிதழ்களை அடுக்கி வைத்தால் தமிழ்நாடே கோடையில் பிறந்ததோ என்று தோன்றும். அது யாரையும் பந்தயத்தில் தோற்கடிப்பதற்காகச் சொன்ன பொய் அல்ல. ஆனால், தேதி என்பது தேவைக்கேற்ப எழுதிக்கொள்ளக்கூடியது என்ற எண்ணம் அங்கிருந்துதான் மைதானத்துக்கு வந்தது. இன்றைக்கு அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது. பெரும்பாலான பிள்ளைகள் மருத்துவமனையில் பிறக்கிறார்கள், பிறப்பு பதிவாகிறது. 2023-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டத்தின்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கி அரசு வேலை வரை பிறப்புச் சான்றிதழே வயதுக்கான ஆவணம். அந்தக் குழந்தைகள் ஜூனியர் பிரிவின் வரம்பைத் தொட 2037 ஆகும். அதுவரை நம் மனசாட்சியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அதன் நிலை எனக்குத் தெரியும்.

இரண்டு வயது என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள், அந்த வயதுப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்ததில்லை. 40 வயதுக்காரருக்கும் 42 வயதுக்காரருக்கும் வித்தியாசம் இல்லை. 13 வயதிலும் 15 வயதிலும் இருப்பவர்கள் வேறு வேறு உடல்கள். ஆண் பிள்ளைகள் அந்த வயதில் ஒரே ஆண்டில் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர்கூட வளர்ந்துவிடுகிறார்கள்; தோள் விரிகிறது, தொடையில் தசை ஏறுகிறது. கபடியில் அப்படிப்பட்ட ஒருவன் ரெய்டு வந்தால், தடுக்கப் போகிற சின்னப் பையனுக்குத் தோல்வி மட்டுமல்ல, தோள்பட்டையும் இறங்கும். எனக்குத் தெரிந்து இறங்கியிருக்கிறது.

2015 டிசம்பரில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் ராகுல் திராவிட் இந்தச் சிக்கலைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். வயதைக் குறைத்து ஆடும் சிறுவன் இளையோர் பிரிவில் வெல்வது திறமையால் அல்ல, உடல் வலுவால் என்பதையும், நேர்மையான ஒரு பிள்ளை தன் இடத்தை இழக்கிறான் என்பதையும் சொன்ன அவர், பெற்றோரும் பயிற்சியாளரும் சேர்ந்து ஒரு பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தால் அது ஊழலிலிருந்து எப்படி வேறுபடும் என்ற பொருள்படக் கேட்டார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் சொன்னதும் ஒரு வாரம் பேசினார்கள். அதன் பிறகு பேச்சு இல்லை. ஒப்பிட்டுப் பாருங்கள்: 2019 ஐ.பி.எல். போட்டியில் நம் அஸ்வின், பந்து வீசும் முன்பே கோட்டைத் தாண்டிய ஜோஸ் பட்லரை அவுட் செய்தபோது, அது விளையாட்டு அறமா இல்லையா என்று தேநீர்க் கடை தோறும் மாதக்கணக்கில் வழக்கு நடந்தது. விதிப்புத்தகம் அதை அனுமதித்திருந்தது. 2022 அக்டோபரில் அதை வழக்கமான ரன் அவுட் பிரிவுக்கே மாற்றியும் விட்டார்கள். விதிக்கு உட்பட்ட ஒன்றைப் பற்றி அத்தனை தர்க்கம். விதியைக் கொன்றுபோடும் ஒன்றைப் பற்றி ஒரு சிரிப்பு.

ஏன் குறைக்கிறார்கள் என்பதற்குப் பதில் ரகசியம் அல்ல. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள், எம்.பி.பி.எஸ். படிப்பில் 7 இடங்கள் விளையாட்டுப் பிரிவுக்கு. முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் தனிநபர் முதலிடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய். இவற்றை நான் குறை சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு எவர்சில்வர் தட்டும் சான்றிதழும்தான் கிடைத்தன, இன்று விளையாட்டு ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்துகிறது என்றால் மகிழ்ச்சி. ஆனால், ஒரு தாளில் ஒரு எண்ணை மாற்றினால் இவ்வளவும் கிடைக்கும் என்றால், மாற்றாதவரை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். என்னிடம் வந்த பெற்றோர்களில் மாற்றச் சொல்லிக் கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். மாற்றாமல் விட்டால் தங்கள் பிள்ளை மட்டும் பின்தங்கிவிடுமே என்ற பயம் அவர்களுக்கு.

தண்டனையும் சோதனையும் இல்லாமல் இல்லை. மத்திய விளையாட்டு அமைச்சகம் 2010-இலேயே வயது மோசடிக்கு எதிரான தேசிய நெறிமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2012 முதல் 16 வயதுக்கு உட்பட்டோருக்கு டேனர்–வைட்ஹவுஸ் முறையில் எலும்பு வயதைச் சோதிக்கிறது. இடது கை, மணிக்கட்டு ஆகியவற்றின் எக்ஸ்ரேயை எடுத்து, எலும்புகளின் வளர்ச்சி நிலைக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கிறார்கள். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 2009-ஆம் ஆண்டு நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையிலிருந்து மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுக்கிறது. கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதைத் தொட்டதும் கைதான், இப்போது இயந்திரத்தின் கீழே நீட்டுவதும் கைதான். ஆளைப் பார்த்து நம்ப முடியாத இடத்தில் உடலைக் கேட்கிறோம்.

உடலும் எப்போதும் சரியான பதிலைச் சொல்வதில்லை. அந்த அளவுகோல் மேலை நாட்டுப் பிள்ளைகளை வைத்து உருவானது. சரியான சாப்பாடு இல்லாத பிள்ளையின் எலும்பு தாமதமாக முதிரும். நல்ல வளர்ச்சியுள்ள பிள்ளையின் எலும்பு உண்மை வயதைவிட முந்திக்கொள்ளும். ஆகவே வயதைக் குறைத்த ஒருவன் தப்பிவிடலாம், ஒழுங்காகச் சான்றிதழ் கொடுத்த ஒருவன் சந்தேகத்துக்கு உள்ளாகலாம். குறுவட்டப் போட்டிக்கு வருகிற ஆயிரம் பிள்ளைகளுக்கும் எக்ஸ்ரே எடுக்கவும் முடியாது, எடுக்கவும் கூடாது. தேசிய அணியின் வாசலில் நிற்கும் ஒருவனை அங்கே பிடிப்பதென்றால், அதற்குள் அவனால் இடம் இழந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் எப்போது ஓடுவதை விட்டார்கள் என்ற கணக்கு யாரிடமும் இருக்காது.

கண்டுபிடிக்கப்படும்போது தண்டிக்கப்படுவது பெரும்பாலும் பிள்ளைதான் என்பது என் பெரிய ஆற்றாமை. 2001-இல் அமெரிக்காவில் நடந்த லிட்டில் லீக் பேஸ்பால் உலகத் தொடரில், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி அணிக்காக ஆடிய ஒரு சிறுவன், எதிரணியில் ஒருவரையும் முதல் தளத்துக்குக்கூட விடாமல் ஒரு முழு ஆட்டத்தையும் வீசி முடித்து நாடே கொண்டாடும் ஆளானான். வயது வரம்பு 12. பிறகு அவனுக்கு 14 வயது என்று தெரியவந்தது. அணியின் வெற்றிகள் அனைத்தும் நீக்கப்பட்டன. அதோடு நிற்காமல், அவன் தந்தையையும் அந்தக் கழகத்தை நிறுவியவரையும் லிட்டில் லீக் அமைப்பு ஆயுளுக்கும் விலக்கி வைத்தது. சான்றிதழை 12 வயதுக் குழந்தை திருத்துவதில்லை, அதைப் பெரியவர்கள் திருத்துகிறார்கள் என்ற எளிய உண்மையை ஏற்றுக்கொண்ட முடிவு அது. நம் ஊரில் பிடிபட்ட பையனுக்கு இரண்டாண்டுத் தடை. படிவத்தில் கையெழுத்திட்டவருக்கு அடுத்த ஆண்டு அடுத்த பையன். என்மீது ஒரு விசாரணைகூட வந்ததில்லை.

இந்தப் பழக்கம் வயதோடு நிற்கும் என்று நினைப்பதும் தவறு. 2023 செப்டம்பரில் டெல்லியில் நடந்த மாநிலத் தடகளப் போட்டியில், ஊக்கமருந்துச் சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியதும் வீரர்கள் மைதானத்தை விட்டே போய்விட்டார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஒரே ஒருவர் ஓடினார். ஜூனியர் பிரிவில், தடைகளைத் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸ் ஓட்டத்தில் ஒரு பெண், சோதனைக்குப் பயந்து, முடிவுக் கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாள் என்று செய்திகள் வந்தன. அதையும் நகைச்சுவைத் துணுக்காகத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். எனக்கு அந்தப் பெண்ணின் பயிற்சியாளர் எந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார் என்று தெரிய வேண்டும் போல் இருந்தது. தாளில் ஒரு எண்ணைச் சரிக்கட்டலாம் என்று 11 வயதில் பார்த்த பிள்ளைக்கு, ஊசியால் உடலைச் சரிக்கட்டலாம் என்று 18 வயதில் யாராவது சொன்னால் அது புதிய பாடமாக இருக்காது.

நான் வயதைக் குறைத்த பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். சீனியர் பிரிவில் இரண்டு ஆண்டுகள் ஓடினான். மற்ற பிள்ளைகள் வளர வளர அவனுடைய முந்தைய வேகம் தேய்ந்துகொண்டே வந்தது. தான் சோம்பேறி ஆகிவிட்டோம் என்று நினைத்துத் தன்னைத்தானே நொந்துகொண்டான். அவன் சோம்பேறி ஆகவில்லை. முதலிலிருந்தே அவ்வளவுதான் அவன் வேகம், நாங்கள் கடன் கொடுத்திருந்த இரண்டு வயது தீர்ந்துபோயிற்று. பல ஆண்டுகள் கழித்து ஒரு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பின்போது, அவனுக்கும் மருத்துவமனையில் பிறந்த அவன் தம்பிக்கும் இடையே ஐந்து மாதம்தான் வித்தியாசம் என்பது வெளிப்பட்டது. ஒரு தாய் ஐந்து மாத இடைவெளியில் இரண்டு பிள்ளை பெற்றதற்கு விளக்கம் கேட்டார்கள். அவன் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்த அந்த மாலையை இங்கே விவரிக்க விரும்பவில்லை. வேலை கிடைக்கவில்லை.

கல்வித் துறைக்கும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் தங்கள் நாளிதழ் வழியாகச் சில வேண்டுகோள்கள். கிரிக்கெட் வாரியம் 2020-இல், தவறான ஆவணம் கொடுத்ததைக் குறித்த நாளுக்குள் தாமாகவே ஒப்புக்கொள்கிறவர்களுக்குத் தடை இல்லை, உரிய வயதுப் பிரிவில் ஆடலாம் என்று அறிவித்தது. 2025 மார்ச்சில் மத்திய அமைச்சகம் வெளியிட்ட புதிய நெறிமுறையின் வரைவிலும் அப்படி ஒரு மன்னிப்புக் காலம் இருந்தது. அதைப் பள்ளி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒப்புக்கொள்ளும் உரிமை பிள்ளைக்கு மட்டுமல்லாமல் ஆசிரியருக்கும் இருக்க வேண்டும். எனக்கு அப்படி ஒரு வாய்ப்பு கிடைத்திருந்தால் பயன்படுத்தியிருப்பேனா என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது. ஆனால் கதவே இல்லாத அறையில் இருந்தேன் என்பது உண்மை. மன்னிப்புக் காலம் முடிந்த பிறகு பிடிபட்டால், நடவடிக்கை படிவத்தில் கையெழுத்திட்டவரிடமிருந்து தொடங்கட்டும். முறையீடு செய்ய ஆசிரியர் தன் சட்டைப் பையிலிருந்து பணம் கட்ட வேண்டிய நிலை மாறட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடற்கல்வி ஆசிரியரின் ஆண்டு மதிப்பீட்டில் கோப்பைகளின் எண்ணிக்கையைக் கேட்கும் பத்தியை எடுத்துவிட்டு, எத்தனை பிள்ளைகள் ஆண்டு முழுவதும் மைதானத்துக்கு வந்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். 12 வயதுப் பிள்ளைகளுக்கு மாநிலப் பட்டம் எதற்கு என்ற கேள்வியும் எனக்கு உண்டு. அதைத் தனிக் கடிதமாக எழுதுவேன்.

தங்களிடமும் ஒரு கோரிக்கை. வெற்றிப் படங்களை வெளியிடும் அதே பக்கத்தில், தகுதி நீக்கம் செய்யப்பட்ட அணிகளின் செய்தியையும், பிள்ளைகளின் பெயர் இல்லாமல், பள்ளியின் பெயரோடு வெளியிடுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் படத்துக்காக நிற்கும்போது தலைமை ஆசிரியர் பின்வரிசையை ஒரு முறை திரும்பிப் பார்ப்பார்.

2000-ஆம் ஆண்டு தொடர் ஓட்டத்தில் ஐந்தாவதாக வந்து, பைகளைக் காத்துக்கொண்டிருந்த அந்தப் பையன் இப்போது எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். அவனுடைய மகன் ஏழாம் வகுப்பில் படிக்கிறான், நன்றாகப் பந்து வீசுகிறான். நான்கு மாதங்களுக்கு முன் கடைக்குப் போயிருந்தபோது, வேலை பார்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டான்: "சார், பயிற்சி மையத்துல ரெண்டு வருசம் கொறச்சுக்கிட்டா நல்லதுன்னு சொல்றாங்க. எல்லாரும் பண்றாங்களாம். பண்ணலாமா?" வேண்டாம் என்றேன். அதன் பிறகு நெடுநேரம் அவன் எதுவும் பேசவில்லை. கைபேசியின் பின்மூடியைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, "நீங்களா சார் சொல்றீங்க?" என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவன் மகனின் தேதி என்ன ஆயிற்று என்று நான் இதுவரை கேட்கவில்லை. அவனிடம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்பதால் தங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். பெயர் தெரிந்தால் அந்த இரண்டு சகோதரர்களையும் எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
தென் மாவட்டம்.